கூலிக்கு மாரடிப்பவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனாருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறல் கண்டபோது, மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள பெரிய மருத்துவமனையில் அவரைச் சேர்த்திருந்தோம். பதினோரு இரவுகள் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டு படுத்திருந்தேன். தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். பொது வார்டில் இரவு என்று ஒன்று கிடையாது. விளக்குகள் பாதி அணையும், அவ்வளவுதான். ஒருவர் இருமினால் நாலு பேர் விழிப்பார்கள். ஒருவர் முனகல் ஓய்ந்தால், ஏன் ஓய்ந்தது என்று மற்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

எங்களுக்கு எதிர்வரிசையில் ஒரு கிழவர் கிடந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கொண்டுவந்து சேர்த்த மகன், கரும்பு வெட்டு நடக்கிறது, இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் மூன்று நாளாகியும் வரவில்லை. கிழவருக்குப் பேச்சு குழறும். ஒரு சொல் மட்டும் தெளிவாக வரும்: "தாயீ!" தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், கால் மரத்தாலும் அதுதான், பயமாக இருந்தாலும் அதுதான்.

அன்று இரவு அந்த வார்டுக்கு ஒரே ஒரு நர்ஸ். கட்டில்கள் முப்பத்தெட்டு, அவை போதாமல் தரையில் பாய் போட்டிருந்தவர்கள் ஐந்தாறு பேர். உதவிக்கு இருந்த ஆளை அவசரப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினோரு மணிக்கு மேல் கிழவர் விடாமல் கூப்பிடத் தொடங்கினார். அந்தப் பெண் வேகமாக எங்களைக் கடந்து போகும்போது, நிற்காமலே ஒரு பதில் சொல்லிவிட்டுப் போனார்:

"பெரியவரே, எனக்கு இருக்கிறது ரெண்டே கை. அங்கே ஒருத்தருக்கு டிரிப்ஸ் நின்னு போச்சு. கத்தாதீங்க, வரேன்."

குரலில் தேன் இல்லை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். அவர் என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா சார் பேச்சை? எல்லாம் கூலிக்கு மாரடிக்கிறதுங்க. அந்தக் காலத்து நர்ஸம்மாமாருக்கு இருந்த இரக்கம் இதுங்களுக்கு எங்கேயிருந்து வரும்?" என்றார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நடு இரவில் பக்கத்துக் கட்டில்காரரோடு தருக்கம் செய்வானேன் என்று மட்டும் ஆட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் எனக்கும் தோன்றிற்று.

மூன்று மணி இருக்கும். நாற்றம் என்னை எழுப்பியது. கிழவர் படுக்கையிலேயே கழித்துவிட்டார். அது அவருக்கும் தெரிந்திருந்தது. சத்தம் போடாமல், இடது கையால் போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். என் பாய்க்கும் அவர் கட்டிலுக்கும் பத்தடி தூரம் இருக்கலாம். நான் எழுந்து போய் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். ஒரு வாளி தண்ணீராவது கொண்டுவந்திருக்கலாம். அவற்றில் எதையும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவன் விடும் மூச்சை விட ஆரம்பித்தேன்.

சிறிது நேரத்தில் தட்டும் தண்ணீருமாக அந்தப் பெண் வந்தார். இமை இடுக்கில் எல்லாவற்றையும் பார்த்தேன். செயலற்றுக் கிடக்கும் ஓர் ஆளை ஒருவரே புரட்டுவது எளிதான காரியம் அல்ல. அவர் கிழவரின் அப்பால் இருந்த காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடித்துத் தம் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். துடைத்தார். அழுக்கு விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு ஒதுக்கினார். புதிய விரிப்பின் பாதியை அதன் பக்கத்திலேயே விரித்தார். மறுபுறம் போய்க் கிழவரை அதன்மேல் புரட்டி, பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துவிட்டார். முதுகின் அடியிலும் குதிகாலிலும் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். இவ்வளவு நேரத்தில் ஓர் இனிய சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கிழவர் மட்டும் குலுங்கிக் குலுங்கி அழுதார், வெட்கம். "இதுக்கெல்லாம் போய் அழுவாங்களா? பேசாம தூங்குங்க தாத்தா" என்று அதே கடுகடுத்த குரலில் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நோட்டில் ஏதோ எழுதிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இரக்கமுள்ள தாசில்தார் தூங்கிக்கொண்டிருந்தார். இரக்கமுள்ள நான் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். கூலிக்கு மாரடிக்கிறவர்தாம் விழித்திருந்தார்.

அன்று முதல் அந்தப் பழமொழி என் மனத்தில் ஒரு முள்ளாகக் கிடக்கிறது. சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லவும் மாரடித்து அழவும் கூலிக்கு ஆள் அமர்த்திய வழக்கத்திலிருந்து பிறந்த சொல் அது. துக்கம் இல்லாமல் துக்கத்தின் செயலை மட்டும் செய்வது என்று பொருள். உள்ளே ஈடுபாடு இல்லாத எந்த வேலைக்கும் அதைச் சொல்லுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. கூலிக்கு அடித்தாலும் மார்பு வலிக்கத்தானே செய்யும்? அழுகை பொய்யாக இருக்கலாம். அடி பொய்யல்ல.

கூலிக்குக் கருணை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. இதை நாம் எல்லாரிடமும் கேட்பதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். வங்கிக் குமாஸ்தா நம் பணத்தின்மேல் பாசம் வைத்திருக்கிறாரா என்று நாம் கேட்பதில்லை. கணக்குச் சரியாக இருந்தால் போதும். ரயில் ஓட்டுகிறவர் பயணிகளை நேசிக்கிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. டாக்டரிடம்கூட, "கைராசிக்காரர், பேசத்தான் மாட்டார்" என்று அவருடைய முசுட்டுத்தனத்தை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்ளுகிறோம். நர்ஸிடம் மட்டும் வேலையும் கேட்கிறோம். வேலைக்கு மேல் ஒரு புன்னகையும் கேட்கிறோம். அந்தப் புன்னகை சம்பளத்துக்காக வந்ததாகவும் இருக்கக்கூடாது என்கிறோம்.

ஏன் இப்படி? அவர் செய்யும் வேலையை நம் வீடுகளில் தாயும் மனைவியும் மருமகளும் கூலியில்லாமல் செய்து வந்திருக்கிறார்கள். மலம் எடுப்பதும், சீழ் துடைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், இரவு விழிப்பதும் பெண்ணுக்கு இயல்பு என்று வைத்துவிட்டோம். இயல்புக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? அதே வேலையை ஒரு பெண் சீருடை அணிந்து, மணிக்கணக்கு வைத்து, மாதச் சம்பளத்துக்குச் செய்தால், கொடுக்க வேண்டிய ஒன்றை அவள் விற்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்தான் அங்கே நம்மை உறுத்துகிறது. அதை மறைத்துக்கொள்ளத்தான் நர்ஸின்மேல் பாய்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அரசாங்கத் தாள்களில் இப்போது செவிலியர் என்ற சொல்லே வழங்குகிறது. அருமையான சொல். பழைய அகப்பாடல்களில் வரும் செவிலி தலைவியைப் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். தலைவியின் தோழியே அந்தச் செவிலியின் மகள்தான். பெறாத தாய் என்பதைக் காட்டிலும் பொருத்தமான பெயர் இந்த வேலைக்குக் கிடைக்காது. ஆனால் நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. ஒருவரைத் தாய் என்றோ தெய்வம் என்றோ சொல்லிவிட்டால், பிறகு அவர் சோறு கேட்பது அபசாரமாகிவிடும். வள்ளுவர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. மருந்து என்ற அதிகாரத்தின் முடிவில் நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவன் என்று நான்கையும் ஒரே வரிசையில் வைத்தார். நாலில் ஒரு பங்கு. தெய்வம் என்று தூக்கவும் இல்லை. ஏவலாள் என்று இறக்கவும் இல்லை.

நர்ஸ் என்றதும் மேடைப் பேச்சாளர்கள் கைவிளக்கேந்திய காரிகை என்று தொடங்குவார்கள். பிளாரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்லுகிறார்கள். 1854-ஆம் ஆண்டு நவம்பரில், கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனிக்க 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரிக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். இரவில் விளக்கோடு கட்டில் கட்டிலாகச் சென்றதும் உண்மைதான். ஆனால் கதை சொல்லுகிறவர்கள் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பீரங்கிக் குண்டைவிட வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்தான் அதிகம் பேரைக் கொன்றன. 1855-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாவு உச்சத்துக்குப் போயிற்று. மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து, மருத்துவமனைக்கு அடியில் தேங்கிக் கிடந்த சாக்கடையை அள்ளிக் கொட்டி, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சீர்ப்படுத்திய பிறகுதான் சாவு மளமளவென்று குறைந்தது.

நைட்டிங்கேலின் பெருமை இதை மறைக்காமல் இருந்ததில்தான் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் ஆண்டுக்கணக்கில் சாவுக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, வட்டமான படங்களாக வரைந்து, ஆட்சியாளர் முகத்துக்கு நேரே நீட்டினார். கருணை மட்டும் போதாது. சாக்கடையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் படங்கள் சொன்ன செய்தி. அவரோடு போன நர்ஸ்களும் சும்மா போனவர்கள் அல்லர். கூலி பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள். குடித்துவிட்டு முறைகேடாக நடந்தவர்களை அவர் திருப்பி அனுப்பவும் தயங்கவில்லை. கூலியும் ஒழுக்கமும் அவரிடத்தில் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. நாம்தான் கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கருணை பிறவிக் குணம்தான் என்றால் நர்ஸ் பள்ளிக்கூடம் எதற்கு? 1909-ஆம் ஆண்டில் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நர்ஸ்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். 1946-இல் அங்கேயும் தில்லியிலும் நர்ஸ் படிப்பு பட்டப்படிப்பாகவே ஆயிற்று. அங்கே கற்றுக்கொடுப்பது கண்ணீர் விடுவதை அல்ல, கையைக் கழுவுவதை. எதிர்வரிசைக் கிழவரை அந்தப் பெண் புரட்டிய முறை அன்பினால் வந்ததன்று, பயிற்சியினால் வந்தது. முதுகில் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்ததும் பயிற்சிதான். அந்த நேரத்தில் அவருடைய மனத்தில் அன்பு இருந்ததா, எரிச்சல் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்த முதுகுக்கும் தெரிந்திருக்காது.

அப்படியானால் அன்பு வேண்டியதே இல்லையா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு விடையை நான் தருக்க நூல்களில் தேடவில்லை. பம்பாய் மருத்துவமனை ஒன்றின் சின்ன அறையில் அது இருக்கிறது.

அருணா ஷான்பாக் கன்னட நாட்டின் கடற்கரைப் பகுதியான ஹல்திபூரிலிருந்து வந்த பெண். கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸ். அங்கேயே ஒரு டாக்டரை மணப்பதற்கு ஏற்பாடாகியிருந்தது. 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் மாலை, பணி முடிந்து, மருத்துவமனையின் நிலவறையில் உடை மாற்றப் போனார். அங்கே ஒரு துப்புரவுத் தொழிலாளி நாய்ச் சங்கிலியை அவர் கழுத்தில் இறுக்கி, அவரைச் சீரழித்துப் போட்டுவிட்டுப் போனான். வேலையில் அவன் செய்த தவறுகளை அருணா கண்டித்து வந்தார் என்று அந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். மறுநாள் காலையில் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. மூளையின் பெரும்பகுதி செத்திருந்தது. அந்த மனிதனுக்குக் கொலை முயற்சிக்கும் திருட்டுக்குமாக ஏழாண்டுச் சிறை. அவன் வெளியே வந்துவிட்டான். அருணா வெளியே வரவில்லை. 2015-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் நிமோனியாவில் இறக்கும் வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையில் கிடந்தார்.

அந்த 42 ஆண்டுகளும் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் யார்? சம்பளம் வாங்கிய நர்ஸ்கள். முறை வைத்து வந்தவர்கள். முறை முடிந்ததும் வீட்டுக்குப் போனவர்கள். அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். 1973-இல் பிறந்தே இராத பெண்கள் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிவிட வேண்டும் என்பது நர்ஸ் பாடம். அந்தப் பாடத்தின்படி கணக்குப் போட்டால் நாளுக்கு 12 தடவை, ஆண்டுக்கு 4,380 தடவை. 42 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 1,80,000 தடவை ஆகிறது. அத்தனை காலமும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லாமல் வைத்திருந்தார்கள். இதை எந்தக் கூலியால் வாங்க முடியும்? கூலி இல்லாமல் எந்தக் கருணையால் இத்தனை நாள் நடத்த முடியும்?

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அருணா தாக்கப்பட்டதும் அந்த நர்ஸ்கள் செய்த முதல் காரியம் வேலைநிறுத்தம். அருணாவுக்கு நல்ல கவனிப்பு வேண்டும், எங்களுக்கு அச்சமில்லாமல் வேலை செய்ய இடம் வேண்டும் என்று கேட்டு நிறுத்தினார்கள். பின்னால், 1980-களில், அந்தக் கட்டில் காலியானால் வேறு நோயாளிக்கு உதவும் என்று எண்ணி மாநகராட்சி அருணாவை அப்புறப்படுத்த இரண்டு தடவை முயன்றது. அப்போதும் அவர்கள்தாம் எதிர்த்து நின்று தடுத்தார்கள். நோயாளியை விட்டுவிட்டுப் போராடுகிறவர்களுக்கு இதயம் ஏது என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு இதுவே பதில். கொடி பிடித்த கையும் முதுகைத் துடைத்த கையும் ஒன்றுதான்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் இடமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் வாசகரை ஏமாற்றியவன் ஆவேன். அருணாவின் கதையை நூலாக எழுதிய பிங்கி விரானி, இந்த உயிரை இப்படி நீட்டிப்பது கருணையல்ல, இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று உச்சநீதிமன்றத்தை நாடினார். அவரும் அருணாவிடம் அன்பு கொண்டவர்தாம். 2011-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மீட்சிக்கு வழியே இல்லாத நிலையில், உயிரைத் தாங்கி நிற்கும் சிகிச்சையை உயர்நீதிமன்றத்தின் அனுமதியோடு நிறுத்தலாம் என்று நாட்டுக்கே ஒரு புதிய வழியை அந்தத் தீர்ப்பு திறந்துவிட்டது. ஆனால் அருணாவின் விஷயத்தில் மனுவை ஏற்கவில்லை. தனக்காகப் பேச முடியாத இந்தப் பெண்ணுக்காகப் பேச உரிமை உள்ளவர்கள், இத்தனை ஆண்டுகள் இரவும் பகலும் கவனித்த மருத்துவமனை ஊழியர்களே என்று சொல்லிவிட்டது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றார்கள். தீர்ப்பைக் கேட்டு மருத்துவமனையில் இனிப்பு வழங்கினார்கள்.

அந்த இனிப்பை நினைத்தால் என் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. பேச்சில்லாமல், பார்வையில்லாமல் கிடந்த அந்தப் பெண்ணுக்கு வாய் திறக்க முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? விரானியின் பக்கமே நியாயம் இருந்திருக்கலாம். நர்ஸ்களின் அன்பு அருணாவுக்காக என்பதைவிட அவர்களுக்காகவே என்றுகூட ஆகியிருக்கலாம். இதை நான் தீர்த்துச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிவது ஒன்றுதான். பிறந்த உறவு விலகிப் போன இடத்தில், மணக்க இருந்த உறவும் கழன்று போன இடத்தில், சம்பளத்துக்கு வந்த கைகள் உறவாகிவிட்டன. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே அதை உறவு என்று ஒப்புக்கொண்டது. அன்பு முதலில் வந்து, அதன்பின் அவர்கள் வேலை செய்யவில்லை. வேலையைச் செய்தார்கள், நாள் தவறாமல், முறை தவறாமல், முகம் தெரியாத ஒருவருக்குச் செய்தார்கள். செய்யச் செய்ய அன்பு வந்தது. கருணை விதை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது விளைச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளைச்சலுக்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும். அந்த நிலத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. அன்று நான் கண்ட வார்டில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒருவர். ஒரு நோயாளிக்கு ஒரு நிமிஷம் இனிய சொல் சொன்னாலே முக்கால் மணி நேரம் போய்விடும். மருந்து யார் கொடுப்பது? 2015-இல் ஒப்பந்த முறையில் வேலைக்குச் சேர்ந்த தமிழ்நாட்டு அரசு நர்ஸ்கள், மாதம் 7,700 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்துகொண்டு, எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று 2017 நவம்பரில் சென்னைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அப்போதும் சேவை செய்கிறவர்கள் இப்படிச் செய்யலாமா என்றுதான் பலர் கேட்டார்கள். சேவை என்ற சொல்லைச் சம்பளத்துக்கு மேல் ஒரு மரியாதையாகக் கொடுத்தால் அழகு. சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தால் அது மோசடி.

2020-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 22-ஆம் நாள் மாலை 5 மணிக்கு வாசலில் நின்று கைதட்டினோம். மே 3-ஆம் நாள் மருத்துவமனைகளின்மேல் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பூத்தூவின. அதே நாட்களில் நாட்டின் பல ஊர்களில், நீ மருத்துவமனைக்குப் போய் வருகிறவள், எங்களுக்கும் நோய் வந்துவிடும், வீட்டைக் காலி செய் என்று வாடகைக்கு இருந்த நர்ஸ்களிடம் சொன்னவர்களும் நம்மிலேதான் இருந்தார்கள். அந்தத் தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளப்பட்ட நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். ஆகாயத்திலிருந்து பூத்தூவுவது சுலபம். பக்கத்து வீட்டில் குடிவைத்துக்கொள்வதுதான் கடினம். அருணாவுக்கு நேர்ந்தது பழங்கதை என்றும் ஆறுதல் கொள்ள முடியவில்லை. 2024 ஆகஸ்டு 9-ஆம் நாள் கல்கத்தா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி டாக்டர் ஒருவர் கொல்லப்பட்டார். ஐம்பது ஆண்டுகளில் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் கதவு அடைக்கும் ஓர் அறையை நாம் எல்லா மருத்துவமனைகளிலும் கட்டி முடிக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் நர்ஸ்கள் குற்றமே செய்யாதவர்கள் என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைக் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளால் ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த குழந்தையைக் காட்டுவதற்கே கையை நீட்டும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஏழையிடமிருந்து அதை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அது இழிவுதான். வேலைப் பளு ஒரு கடுஞ்சொல்லுக்குக் காரணம் ஆகலாம், நியாயம் ஆகாது. ஏனென்றால் எதிர்வரிசைக் கிழவரா ஆளைக் குறைத்தார்? அவரா சம்பளத்தை நிர்ணயித்தார்? அந்த வார்டில் மிகவும் பலவீனமானவர் அவர். மேலே இருப்பவர்களின் பாவத்தை அவர் தலையில் இறக்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. நல்ல நர்ஸுக்கு இது தெரியும். சினத்தை அலுவலக வாசலில் காட்டுவார். கட்டில் ஓரத்தில் காட்ட மாட்டார். அந்த ஒழுக்கத்தை நாம் அவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் நம் பங்கைச் செலுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

விடியற்காலையில் முகம் கழுவப் போனபோது, வராந்தாக் குழாயில் அந்தப் பெண் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். முறை முடிந்து கிளம்பும் நேரம். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"ராத்திரி ரொம்பக் கஷ்டம் உங்களுக்கு" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க முழிச்சுத்தானே இருந்தீங்க சார்? அந்தத் தாத்தாவைத் தோளிலே கொஞ்சம் பிடிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்திலே முடிஞ்சிருக்கும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குறை சொல்லும் குரலாகவும் இல்லை. விரிப்பு எங்கே இருக்கிறது, வாளி எங்கே இருக்கிறது என்று சொல்லுவதைப் போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எட்டு இரவுகள் அந்த வார்டில் இருந்தேன். கிழவரின் மகன் ஆறாம் நாள் வந்து சேர்ந்தான். அதுவரை இரவில் "தாயீ" என்ற குரல் கேட்டபோதெல்லாம் நான் எழுந்து போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் குமட்டியது. இரண்டாம் நாள் அவ்வளவாக இல்லை. மூன்றாம் நாள் கிழவர் என் கையை விடாமல் பற்றிக்கொண்டார். எனக்கும் அதை விடுவித்துக்கொள்ள மனம் வரவில்லை. எனக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆனால் மூன்றே நாள்தான் செய்தேன்.